கணினிப் பெட்டிக்குள் விடப்பட்ட வெற்றிடங்கள்

மேசைக் கணினியின் பக்கத் தகட்டைப் பிடித்திருக்கும் திருகாணிகள் பெரும்பாலும் இரண்டுதான். அவற்றைக் கழற்றித் தகட்டை இழுத்துவிட்டு முதன்முதலாக உள்ளே பார்ப்பவர் வியப்படைவது அங்கிருக்கும் பொருட்களைக் கண்டல்ல, அங்கிருக்கும் வெறுமையைக் கண்டுதான். இத்தனை பெரிய பெட்டியில் பாதிக்கு மேல் வெறுங்காற்று. அடியிலோ பக்கத்திலோ படுத்திருக்கும் பச்சை நிறப் பலகையில் எதுவும் பொருத்தப்படாத நீண்ட செருகுவாய்கள் சில. பாதி வேலையில் எவரோ எழுந்து போய்விட்டது போன்ற தோற்றம்.

கணினியின் உட்பாகங்களை விளக்கும் நூல்கள் செயலி, நினைவகம், வன்தட்டு என்று வரிசையாகச் சொல்லிச் சென்று, இந்த வெற்றுச் செருகுவாய்களைக் கடைசி வரியில் தள்ளிவிடுவது வழக்கம். என் மதிப்பீட்டில் அந்தப் பெட்டியின் வரலாற்றை நிர்ணயித்தவை அவைதான். நம்முடைய எழுத்து கணினித் திரையில் ஏறிய கதையிலும் அவற்றுக்கு இடமுண்டு. அதைச் சொல்வதற்கு முன்னர் மற்றைய பாகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுவது நல்லது.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. இலங்கைப் பத்திரிகைகளில் நாங்கள் நெடுங்காலம் 'கணனி' என்றே எழுதினோம். தமிழகத்தார் 'கணினி' என்றனர். இந்த ஒற்றை எழுத்துக்காக ஆசிரிய பீடத்துக்கும் ஒப்புநோக்குநர்களுக்கும் இடையே நடந்த விவாதங்களைத் தொகுத்தால் ஒரு சிறுநூல் தேறும். எமது பாடநூல்களில் செயலிக்கு 'நுண்முறைவழியாக்கி' என்று பெயர். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கடை வைத்திருப்பவரிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். இங்கு எளிய சொற்களையே பயன்படுத்துகிறேன்.

1980 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் அறைகளை நிரப்பும் பெருங்கணினிகளின் பேரரசாக இருந்தது. ஆனால் அப்பிள், டான்டி, கொமடோர் போன்ற நிறுவனங்கள் சிறு கணினிகளை வீட்டு மேசைகளுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தன. ஐ.பி.எம். தன் வழமைப்படி சகல பாகங்களையும் தானே வடிவமைத்துச் செய்வதானால் பல ஆண்டுகள் செல்லும். புளோரிடா மாநிலத்தின் போகா ரேட்டன் நகரிலிருந்த கிளைக்குப் பொறுப்பாயிருந்த வில்லியம் லோ, தலைமையகத்திடம் ஒரு யோசனையை முன்வைத்தார். பாகங்களை வெளிச்சந்தையில் வாங்கிப் பொருத்தினால் ஒரே ஆண்டில் ஒரு கணினியைத் தர முடியும் என்பதே அது. தலைமையகம் இணங்கியது. டொன் எஸ்ட்ரிட்ஜ் தலைமையிலான குழு அதைச் செய்தும் காட்டியது. 1981 ஓகஸ்ட் 12 ஆம் திகதி நியூயோர்க்கில் அறிமுகமான ஐ.பி.எம். தனியாள் கணினியின் தொடக்க விலை 1,565 டொலர். எஸ்ட்ரிட்ஜ் தான் உருவாக்கியதன் முழு விளைவையும் காணவில்லை. 1985 ஓகஸ்டில் டலஸ் விமான நிலையத்தில் நிகழ்ந்த விபத்தில் மனைவியுடன் மாண்டுபோனார்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தவற்றுள் ஐ.பி.எம். தானே ஆக்கியவை வெகு சில. செயலி இன்டெல் நிறுவனத்தின் 8088. அதன் வம்சம் 1971 இல் வெளிவந்த 4004 என்ற சில்லிலிருந்து தொடங்குகிறது. பிசிகொம் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் கணக்கிடும் பொறிக்காகச் செய்யப்பட்ட அச்சில்லில் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 8088 உள்ளே ஒரே நேரத்தில் 16 பிட்டுகளைக் கையாளும். வெளியுலகுடன் பேசும்போதோ எட்டெட்டாகவே பேசும். இது குறைபாடாகத் தோன்றலாம். ஆனால் எட்டு பிட்டுக்குரிய துணைச் சில்லுகள் அக்காலச் சந்தையில் மலிவாகக் குவிந்து கிடந்தன. அதனாலேயே அது தெரிவுசெய்யப்பட்டது. அதன் வேகம் 4.77 மெகாஹேர்ட்ஸ். இந்த விசித்திரமான எண்ணுக்குக் காரணம் தொலைக்காட்சி. அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்குத் தேவையான அதிர்வைத் தரும் ஒரு பளிங்கையே பொருத்தி, அதன் அதிர்வை மூன்றால் வகுத்துச் செயலிக்கும் கொடுத்தார்கள். ஒரு பளிங்கின் விலை மிச்சம்.

நினைவகம் 16 கிலோபைட். இன்று இணையத்தில் பரவலாக வழங்கும் யுனிகோட் குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட்டுகள் வேண்டும். அப்படிப் பார்த்தால் இக்கட்டுரையில் பாதிகூட அந்த நினைவகத்தில் அடங்காது. இந்த நினைவகச் சில்லின் அடிப்படையை 1960 களில் ஐ.பி.எம். ஆய்வாளர் ரொபர்ட் டெனார்ட் கண்டறிந்தார். 1968 இல் அதற்கான காப்புரிமை கிடைத்தது. ஒரு டிரான்சிஸ்டர், மின்னேற்றத்தைத் தாங்கும் ஒரு சிறு கொள்ளளவி, அவ்வளவுதான். அந்த மின்னேற்றமோ ஓட்டைக் குடத்து நீர்போலச் சில மில்லி விநாடிகளிலேயே ஒழுகிவிடும். ஆகவே கணினி தன் நினைவு முழுவதையும் ஓயாது வாசித்து வாசித்துத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்கிறது. மின்சாரம் ஒரு கணம் நின்றால் எல்லாம் போயிற்று. பதிப்பு மூடும் நேரத்தில் மின்வெட்டைச் சந்தித்த பத்திரிகையாளர்களுக்கு இந்த உண்மையை எந்தப் பாடநூலும் கற்பிக்க வேண்டியதில்லை.

மின்சாரம் என்றதும் பின்புறத்தில் இருக்கும் தகரப் பெட்டி நினைவுக்கு வருகிறது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 என்று சிறுசிறு அளவுகளாக்கித் தருவது அதன் பணி. பழைய முறையில் செய்வதானால் செங்கல் போலக் கனக்கும் மின்மாற்றி வேண்டும். மின்னோட்டத்தை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை துண்டித்து அனுப்பினால் மிகச் சிறிய மின்மாற்றி போதும் என்ற உத்தியை, 1977 இன் அப்பிள் II கணினிக்காக ரொட் ஹோல்ட் செம்மைப்படுத்தினார். அந்தத் தகரப் பெட்டியின் பின்னால் 115, 230 என்று எழுதிய சிவப்பு நிற விசை ஒன்று இருக்கும். கனடாவிலிருந்து அன்புடன் அனுப்பப்பட்ட கணினி, அந்த விசை 115 இல் இருந்தபடியே கொழும்பில் செருகப்பட்டு, 'படார்' என்ற சத்தத்துடன் தன் வாழ்வை முடித்துக்கொண்ட கதை நம்மவர்கள் பலரது வீட்டில் உண்டு. 1990 களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் அந்தக் கவலையும் இருக்கவில்லை. செருகுவதற்கு மின்சாரமே இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் உண்டு. கணினிக்கு அது காணாது.

1984 இல் வந்த ஐ.பி.எம். ஏ.ரி. கணினியில்தான் மின்கலத்தில் ஓடும் மணிக்கூடு பலகையிலேயே இடம்பெற்றது. இன்று அது ஒரு ரூபாய் நாணயம் போன்ற வட்ட மின்கலத்துடன் இருக்கிறது. அந்த மின்கலம் செத்துப்போன பழைய டொஸ் கணினி ஒன்று நான் பணியாற்றிய காரியாலயத்தில் இருந்தது. அது எல்லாச் செய்திகளுக்கும் 1980 ஜனவரி முதலாம் திகதியையே இட்டுவந்தது. அந்த இயங்குதளத்தின் காலக் கணக்கு அன்றுதான் தொடங்குகிறது. செய்தியில் யுத்தம், கோப்பில் 1980!

வன்தட்டு முதலாவது கணினியில் இருக்கவில்லை. 1983 இல் வந்த எக்ஸ்.ரி. என்ற அடுத்த கணினியில் 10 மெகாபைட் அளவில் சேர்ந்தது. அதன் மூதாதையும் ஐ.பி.எம். உடையதே. 1956 இன் ராமாக், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளையும் ஒரு தொன்னுக்கு மேற்பட்ட நிறையையும் கொண்டு ஐம்பது இலட்சம் எழுத்துகளைத் தாங்கியது. அதே அளவை 1980 இல் சீகேட் நிறுவனம் கையில் தூக்கும் பெட்டிக்குள் அடக்கியது. ஐ.பி.எம். கணினி அறிமுகமாவதற்குப் பத்து வாரங்கள் முன்னர், 1981 மே 31 ஆம் திகதி இரவு மூண்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் அழிந்தன. இரண்டுக்கும் தொடர்பேதும் இல்லை. ஆயினும் 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் படம்பிடித்துச் சேர்த்துவருவதைக் காணும்போது, அந்தத் தட்டின் வரலாற்றை வெறும் மெகாபைட் கணக்காக வாசிக்க என்னால் முடிவதில்லை.

இனி வெற்றிடங்களுக்கு வருவோம்.

போகா ரேட்டன் குழுவினர் தாய்ப்பலகையில் ஐந்து செருகுவாய்களை வைத்தனர். திரைக்கு எழுத்தை அனுப்பும் வேலை தாய்ப்பலகையில் இல்லை. ஒரு செருகுவாயில் பொருத்தும் அட்டையில் இருந்தது. நெகிழ்தட்டை இயக்குவது இன்னோர் அட்டை. எஞ்சியவை எதற்கு என்று எவரும் தீர்மானிக்கவில்லை. 1977 இல் அப்பிள் II கணினியில் எட்டுச் செருகுவாய்கள் வேண்டும் என்று ஸ்டீவ் வொஸ்னியாக் பிடிவாதமாக நின்றதும், இரண்டே போதும் என்று ஸ்டீவ் ஜொப்ஸ் வாதிட்டதும் பிரசித்தம். ஐ.பி.எம். செய்த புதுமை வேறு. அது தன் கணினியின் மின்சுற்று வரைபடங்களையும், கணினியைத் துயிலெழுப்பும் பயோஸ் என்ற 8 கிலோபைட் நிரலின் முழுப் பட்டியலையும் ஒரு கையேடாக அச்சிட்டு, விலைகொடுத்து எவரும் வாங்கலாம் என விற்றது. அட்டை செய்ய விரும்புபவர் அதைப் பார்த்துச் செய்யலாம்.

கதவைத் திறந்துவைத்தார்களா என்றால், முழுவதும் இல்லை. மற்றைய பாகங்களை எவரும் வாங்கலாம்; பயோஸ் மட்டும் ஐ.பி.எம். இன் பதிப்புரிமைக்கு உட்பட்டது. அச்சிட்டு வெளியிட்டதே ஒரு வகையில் பூட்டாகவும் அமைந்தது. ஏனெனில் அதை வாசித்த ஒருவர் பிறகு எழுதும் எந்த நிரலையும் நகல் என்று வழக்காட முடியும். டெக்சாஸ் மாநிலத்தின் கொம்பாக் நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. ஒரு குழு ஐ.பி.எம். நிரலை ஆராய்ந்து, அது என்ன செய்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுத்தது. அந்த நிரலைக் கண்ணாலும் கண்டிராத மற்றொரு குழு அவ்விவரணத்தை வைத்துப் புதிதாக எழுதியது. 1982 நவம்பரில் கொம்பாக் தன் கணினியை அறிவித்தது. 1984 இல் பீனிக்ஸ் நிறுவனம் இதே வழியில் பயோஸ் ஒன்றை எழுதி, கேட்டவர்க்கெல்லாம் விற்கத் தொடங்கியபோது, கடைசிப் பூட்டும் கழன்றது. தாய்வானின் தொழிற்கூடங்களும், சிங்கப்பூரின் சிம் லிம் சதுக்கமும், சென்னையின் ரிச்சி தெருவும், எமது யுனிட்டி பிளாசாவும் பின்னர் அவ்வழியே வந்தவை. பாகம் பாகமாக வாங்கி ஒரு திருப்புளியோடு கணினியைக் கட்டி எழுப்பும் இளைஞனுக்கு, வெளியிலிருந்து எவரிடமும் அனுமதி பெறவேண்டிய தேவை இருக்கவில்லை.

எழுத்தின் கதை இங்கேதான் நுழைகிறது.

ஐ.பி.எம். இன் முதலாவது எழுத்துத் திரை அட்டை 80 பத்திகளும் 25 வரிகளும் கொண்டது. எழுத்தின் வடிவங்கள் அந்த அட்டையிலிருந்த ஒரு சில்லிலே நிரந்தரமாகப் பொறிக்கப்பட்டிருந்தன. மொத்தம் 256 வடிவங்கள். ஈய எழுத்துக் காலத்தில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த எனக்கு இது உடனே விளங்கியது. அச்சுக்கோப்பாளரின் முன்னால் சாய்த்து வைத்திருக்கும் எழுத்துப் பெட்டியின் சிற்றறைகள் போன்றவை அவை. ஆங்கில எழுத்து, கோடுகள், சில ஐரோப்பிய எழுத்துகள் ஆகியவற்றால் அறைகள் நிரம்பிவிட்டன. ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. எழுத்துப் பெட்டியில் ஈய எழுத்தைக் கொட்டிவிட்டு வேறு எழுத்தை நிரப்பலாம். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, அரவு என்று தனித்தனி உருக்களை வார்த்து, 247 எழுத்துகளையும் அவற்றால் கோத்துவிடலாம். சில்லில் பொறித்ததை மாற்ற முடியாது. அந்த அட்டை புள்ளிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கவும் இடம்தராது. ஆங்கிலம் தெரியாத எழுத்து அதன் திரையில் தோன்ற வழியே இல்லை.

கலிபோர்னியாவில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த வான் சுவன்னுகுல் என்ற தாய்லாந்து நாட்டவருக்கு இதே சிக்கல் எழுந்தது. தன் ஆய்வேட்டைத் தாய் மொழி எழுத்தில் ஐ.பி.எம். கணினியில் எழுத விரும்பினார். கணினி மறுத்தது. அவர் எழுத்தை விட்டுக்கொடுக்கவில்லை, அட்டையை மாற்றினார். 720 புள்ளி அகலமும் 348 புள்ளி உயரமும் கொண்ட திரையின் ஒவ்வொரு புள்ளியையும் நிரலால் ஆளக்கூடிய புதிய அட்டையொன்றை வடிவமைத்து, 1982 இல் ஹேர்க்குலிஸ் என்ற நிறுவனத்தையும் தொடங்கினார். அந்த அட்டை உலகெங்கும் விற்றது. பிற நிறுவனங்களும் அதைப் பின்பற்றிச் செய்தன. வரைபடம் பார்ப்பதற்காக அதை வாங்கிய அமெரிக்கக் கணக்காளர்களில் எத்தனை பேர், அது தாய்லாந்து எழுத்துக்காகப் பிறந்தது என அறிந்திருப்பர்? காலியான செருகுவாய் ஒன்று இல்லாதிருந்தால் அவர் செய்யக்கூடியது ஐ.பி.எம். நிறுவனத்துக்கு ஒரு விண்ணப்பக் கடிதம் எழுதுவது மட்டுமே.

இந்திய எழுத்துகளுக்கும் இவ்வழியிலேயே ஒரு தீர்வு வந்தது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் மோகன் தம்பே முதலானோர் தொடங்கிய ஆய்வு, 1988 இல் அமைக்கப்பட்ட புனேயின் சி-டாக் நிறுவனத்தில் தொடர்ந்து, 'ஜிஸ்ட்' என்ற அட்டையாக வடிவம் பெற்றது. சாதாரண ஐ.பி.எம். வகைக் கணினியின் செருகுவாயில் அதைப் பொருத்தினால், ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட நிரல்களே தமிழ் உட்பட்ட இந்திய எழுத்துகளைக் காட்டின. அதன் அடியில் இருந்த இஸ்கி குறியாக்கத்தின் ஒழுங்கைத் தழுவியே 1991 இல் யுனிகோட்டில் தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. அந்த ஒதுக்கீட்டின் குறைநிறைகள் பற்றித் தமிழறிஞர்கள் பின்னர் பல ஆண்டுகள் வாதிட்டது தனிக்கதை.

இங்கு எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லவேண்டும். 1984 இன் அப்பிள் மெக்கின்டோஷ் செருகுவாய் எதுவுமற்ற, பயனர் திறக்கக்கூடாது என்றே வடிவமைக்கப்பட்ட பெட்டி. அதன் திருகாணிகளுக்கு நீண்ட பிடியுள்ள விசேட திருப்புளி வேண்டும். ஆயினும் தமிழ் எழுத்துரு அதில் அழகாகவே ஏறியது. காரணம், அதன் திரை தொடக்கத்திலிருந்தே புள்ளிகளால் ஆனது. எழுத்துரு என்பது வெறும் ஒரு கோப்பு. சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த இரசாயன ஆய்வாளர் கு. கல்யாணசுந்தரம் தன் 'மயிலை' எழுத்துருவை இலவசமாக வழங்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை ஐ.பி.எம். வகைக் கணினிகளில் வளர்த்தெடுத்தார். ஆகவே திறந்த பெட்டி மட்டுமே தமிழைத் தந்தது என்று எவரேனும் சொன்னால் அது மிகை. ஆனால் மெக்கின்டோஷில் தமிழ் ஏறியது, அதை வடிவமைத்தவர்கள் முன்கூட்டியே வழி வைத்திருந்தமையால். ஹேர்க்குலிஸும் ஜிஸ்டும் வந்தது, வடிவமைத்தவர்கள் நினைத்தே பாராத ஒன்றைப் பிறர் செய்ய முடிந்தமையால். விலையிலும் வேறுபாடு பெரிது. எமது நாட்டுச் சிறு அச்சகங்களின் மேசைகளுக்கு வந்து சேர்ந்தவை பெரும்பாலும் பெயர் தெரியாத தாய்வான் பாகங்களால் கட்டப்பட்ட பெட்டிகளே. பாமினி எழுத்துரு அவற்றில்தான் குடியேறியது.

தான் திறந்த கதவை மூட ஐ.பி.எம். ஒரு தடவை முயன்றது. 1987 இல் வந்த பி.எஸ்/2 வரிசையில் மைக்ரோ சனல் என்ற புதிய செருகுவாயைப் புகுத்தியது. தொழில்நுட்ப ரீதியில் அது மேலானது என்பதை எதிரிகளும் ஒப்புக்கொண்டனர். ஆனால் பழைய அட்டைகள் அதில் பொருந்தா. புதியவற்றைச் செய்ய விரும்புபவர் ஐ.பி.எம். நிறுவனத்துக்கு உரிமக் கட்டணம் செலுத்தவேண்டும். கொம்பாக் தலைமையில் ஒன்பது நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து, பழைய அட்டைகளும் பொருந்தக்கூடிய வேறொரு செருகுவாயை 1988 இல் அறிவித்தன. மைக்ரோ சனல் சில ஆண்டுகளில் மறக்கப்பட்டது. 2005 இல் ஐ.பி.எம். தன் தனியாள் கணினித் தொழிலையே சீனாவின் லெனோவோ நிறுவனத்துக்கு விற்று ஒதுங்கியது.

செருகுவாய் ஒதுங்கவில்லை. 1992 இல் பி.சி.ஐ., 2003 இல் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என உருமாறித் தொடர்ந்தது. அதில் விளையாட்டுப் பிரியர்கள் வரைகலை அட்டைகளைச் செருகினர். 2012 இல் டொரொன்டோ பல்கலைக்கழக மாணவர் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, தன் பெற்றோரின் வீட்டிலிருந்த கணினியில் என்விடியாவின் அத்தகைய இரண்டு அட்டைகளைப் பொருத்தி, படங்களை இனங்காணும் நரம்பு வலையமைப்பு ஒன்றை ஐந்தாறு நாள்கள் ஓடவிட்டுப் பயிற்றினார். அவரும் இலியா சுட்ஸ்கெவரும் ஆசான் ஜெஃப்ரி ஹின்டனும் வெளியிட்ட அந்த ஆய்வே செயற்கை நுண்ணறிவின் இன்றைய பெருக்கத்துக்கு வழிதிறந்தது என்பதில் துறையினரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. தாய் எழுத்துக்காக ஒரு மாணவர் பயன்படுத்திய அதே வகை வெற்றிடத்தை, முப்பது ஆண்டுகளின் பின் இன்னொரு மாணவர் இதற்குப் பயன்படுத்தினார்.

இப்போது விற்கும் மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையிலான தூரம் குறைந்தால் வேகம் கூடும், மின்சாரம் மிஞ்சும் என்பது பொறியியல் நியாயம், அதை ஏற்கிறேன். மின்கலத்தைப் பசையால் ஒட்டி வைப்பதற்கு அப்படியான நியாயத்தை எவரும் எனக்கு இதுவரை திருப்தியாக விளக்கவில்லை. பழுதுபார்க்கும் உரிமையை வலியுறுத்தும் பணிப்புரை ஒன்றை ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் நிறைவேற்றியிருக்கிறது. 2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டும், இறக்குமதிக்கு டொலரும் இல்லாதிருந்த எமது நாட்டில், பழைய கணினி ஒன்றிலிருந்து நினைவகத்தைக் கழற்றி மற்றொன்றில் பொருத்துவது உரிமைப் பிரச்சினையாக அல்ல, அன்றாட வேலையாகவே நடந்தது.

மேசைக் கணினி மட்டும் இன்னும் அந்தப் பழைய வழக்கத்தைக் கைவிடவில்லை. தாய்ப்பலகையின் அளவையும் அதன் திருகாணித் துளைகளின் இடங்களையும் வரையறுத்த ஏ.டி.எக்ஸ். நியமம் 1995 இல் வந்தது. 1990 களின் பிற்பகுதியில் வாங்கிய அவ்வகைப் பெட்டி ஒன்று துருப்பிடிக்காமல் இருந்தால், இன்று வாங்கும் தாய்ப்பலகையும் அதன் துளைகளில் பொருந்தும்.